பட்டறைப் பக்கம்: பெருக்கல் கால் மடக்கு மேசை

பெருக்கல் குறி போலக் கால் போட்ட மடக்கு மேசை பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம்.

கேள்வி (திண்டுக்கல்): வீட்டு விசேஷங்களுக்கு உதவும் என்று பெருக்கல் கால் மேசை ஒன்று செய்யச் சொன்னேன். கால் நல்ல தேக்கு, 2 இஞ்ச் கனம். ஆனாலும் மேலே கிரைண்டரை வைத்தால் பலகை ஒரு பக்கம் தாழ்கிறது, கால்கள் விலகிக்கொண்டே போகின்றன. இன்னும் தடிமனான கால் போடலாமா?

பதில்: கால் போதும். அதைத் தடிமனாக்கினால் மேசையின் எடைதான் கூடும். கோளாறு காலின் மேல் நுனியில் இருக்கிறது.

நடுவில் ஒரே போல்ட்டில் குறுக்காக மாட்டிய இரண்டு கால்களுக்கு நிற்கும் குணமே கிடையாது. பாரம் ஏறினால் இரண்டும் படுக்கப் பார்க்கும். துணி கட்டிய மடக்குக் கட்டிலில் அந்த விலகலைத் தடுப்பது துணி. மேசையில் அந்த வேலையைப் பலகை செய்தாக வேண்டும். ஒரு ஜோடிக் காலின் மேல் நுனி பலகையோடு போல்ட்டில் சுழலும். இன்னொரு ஜோடியின் மேல் நுனி, விரித்த நிலையில், வெளிப்பக்கம் நகரவே முடியாதபடி ஒரு கட்டையில் முட்டி நிற்க வேண்டும். பல மேசைகளில் அந்த இடத்தில் அரை இஞ்ச் ரீப்பரை (மெல்லிய மரப்பட்டியை) இரண்டு ஆணியில் அடித்து விட்டுவிடுகிறார்கள். உங்கள் மேசையிலும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

அங்கே எவ்வளவு விசை வருகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மேலே வைத்த பாரத்தைக் கால் விரிப்பின் அகலத்தால் (தரையில் எதிரெதிர்க் கால்களுக்கு இடையே உள்ள தூரத்தால்) பெருக்கி, உயரத்தால் வகுக்க வேண்டும். விரிப்பு 800 மி.மீ., உயரம் 700 மி.மீ., பாரம் 100 கிலோ என்றால் 114 கிலோ விசை வெளிப்பக்கம் தள்ளும். இரண்டு பக்கத்துக் கட்டைகளும் பகிர்ந்துகொண்டாலும் ஆளுக்கு 57 கிலோ. சொரசொரப்பான சிமெண்டுத் தரை இதில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்ளும். வழவழப்பான டைல்ஸில் அந்த உதவி கிடைக்காது. அதனால்தான் மொட்டை மாடியில் ஒழுங்காக நிற்கும் மேசை கூடத்துக்கு வந்ததும் விலகுகிறது.

ரீப்பரைக் கழற்றிவிட்டு, அடுத்த பதிலில் சொல்லும் வெட்டுக்கட்டையை வையுங்கள். அதுவரை அவசரத்துக்கு, எதிரெதிர்க் கால்களை அடியில் இரண்டு பக்கமும் இரும்புச் சங்கிலியால் பிணைக்கலாம். சங்கிலி எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. தரையிலிருந்து 100 மி.மீ. உயரத்தில் கட்டினால், தரையை ஒட்டிக் கட்டுவதைப் போல 1.4 மடங்கு இழுவிசை அதன் மேல் விழும்.

கேள்வி (ஈரோடு): 5 அடி நீளம், 2 அடி அகலத்தில் புதிதாகச் செய்ய முழு அளவும் கொடுங்கள். ஆசாரியிடம் அப்படியே காட்ட வேண்டும்.

பதில்: பலகை 1500 × 600, கனம் 18 மி.மீ. ப்ளைவுட். தண்ணீர் படும் இடமென்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ளதை வாங்குங்கள். படிப்பு மேசைக்கு ஐ.எஸ். 303 போதும்.

பலகைக்கு அடியில் நீளவாக்கில் இரண்டு சட்டம், ஒவ்வொன்றும் 1400 × 68 × 28. பலகையின் நீள விளிம்பிலிருந்து 20 மி.மீ. உள்ளே தள்ளி, ஃபெவிகால் தடவி, 150 மி.மீ.க்கு ஒன்றாக 50 மி.மீ. திருகாணியை மேலிருந்து முடுக்குங்கள். பலகை நடுவில் தொய்யாமல் இருப்பதும் இந்தச் சட்டத்தால்தான்.

கால் நான்கு, இழைத்த பின் 60 × 28. காலின் 60 மி.மீ. முகம் பக்கவாட்டில் தெரிய வேண்டும். படுக்கவைத்துப் போட்டால் அதே மரம் பாதி பாரம்கூடத் தாங்காது. மேல் போல்ட்டின் மையத்திலிருந்து தரை வரை செங்குத்து உயரம் 700, விரிப்பு 800. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டினால் 11,30,000. அதன் வர்க்கமூலம் 1063. மேல் துளை மையத்திலிருந்து கால் தரையைத் தொடும் இடம் வரை நீளம் அதுதான். நடுத் துளை சரிபாதியில், 531.5-ல். மேல் நுனியை அரைவட்டமாக உருட்டவும் அடியைச் சாய்வாக வெட்டவும் இடம் வேண்டும் என்பதால் 1150 நீளத்தில் மரம் எடுங்கள்.

மேல் போல்ட் சட்டத்தில் வரும் இடம்: பலகையின் அகல விளிம்பிலிருந்து 350 மி.மீ., பலகையின் அடிப்பரப்பிலிருந்து 34 மி.மீ. கீழே. இந்த 34-ஐக் குறைக்காதீர்கள். உருட்டிய நுனியின் ஆரம் 30. இடைவெளி 4 மி.மீ. இல்லாவிட்டால் மடக்கும்போது நுனி பலகையில் இடித்துத் திருகாணியை நெம்பிவிடும். மொத்த உயரம் 18 + 34 + 700 = 752. சாதாரண நாற்காலிக்குச் சரியான உயரம்.

இனி அகலக் கணக்கு. சட்டங்களுக்கு இடையே உள்ள இடம் 504. அதற்குள், மேல் போல்ட்டில் சட்டத்தோடு சேரும் வெளி ஜோடிக் கால், வெளிப்புற அளவு 500. அதன் உள்ளளவு 444. அதற்குள் உள் ஜோடி, வெளிப்புற அளவு 440. ஒவ்வொரு பக்கமும் மிஞ்சும் 2 மி.மீ. வாஷருக்கு. மழைக்காலத்தில் மரம் ஊதினால் வாஷர் இருக்கும் மேசை மடங்கும், இல்லாதது பிடித்துக்கொள்ளும்.

குறுக்குச் சட்டத்தில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். வெளி ஜோடியின் இரண்டு கால்களுக்கும் *நடுவே* குறுக்குச் சட்டம் வைத்தால் மேசை மடங்காது, உள் ஜோடி வந்து அதில் இடித்து நிற்கும். வெளி ஜோடிக்கு 500 × 100 × 20 பட்டையைக் காலின் கீழ் விளிம்பில், அதாவது மேசை நிற்கும்போது தரையைப் பார்க்கும் விளிம்பில், அடியிலிருந்து 150 மி.மீ. மேலே வைத்துப் பசையும் திருகாணியும் போடுங்கள். உள் ஜோடிக்கு இந்தச் சிக்கல் இல்லை. 384 மி.மீ. சட்டத்தைக் கழுந்து (துளைக்குள் இறங்கும் நாக்கு) வைத்து நடுவிலேயே கோக்கலாம். இந்த இரண்டும் எதற்கு என்றால், பெருக்கல் கால் நீளவாக்கில் மட்டும்தான் உறுதி தரும். அகலவாக்கில் ஆடாமல் பிடிப்பது குறுக்குச் சட்டம்தான்.

உள் ஜோடியின் மேல் நுனிகளை 28 மி.மீ. உருட்டுக் கட்டையால் இணையுங்கள். அது காலுக்கு வெளியே துருத்தக் கூடாது. துருத்தினால் மடக்கும்போது வெளிக்காலின் அடிப்பகுதியில் இடிக்கும். இந்தக் கட்டை போய் உட்காரும் வெட்டுக்கட்டை இரண்டு, ஒவ்வொன்றும் 200 × 60 × 28, பலகையின் அடியில், உள்கால்களுக்கு அருகே உள்பக்கமாக. மரத்தின் ரேகை மேசையின் நீளவாக்கில் ஓட வேண்டும். கட்டையின் ஒரு முனையிலிருந்து 40 மி.மீ. தள்ளிக் கீழே திறந்த யூ வடிவ வெட்டு, அகலம் 29, வெட்டின் உச்சி பலகையிலிருந்து 20 மி.மீ. கீழே. அந்த 40 மி.மீ. பக்கம் மேசையின் நடுவைப் பார்க்கட்டும். வெட்டுக்கு வெளிப்புறம் உள்ள மரம்தான் முன்பு சொன்ன 57 கிலோவைத் தாங்குகிறது. அங்கே நீளம் குறைந்தால் ரேகையோடு சீவிக்கொண்டு போய்விடும். 50 மி.மீ.க்குக் குறையவே கூடாது. வெட்டின் மையம், மேல் போல்ட்டின் மையத்திலிருந்து 800 மி.மீ. கட்டைக்குப் பசையோடு மேலிருந்து மூன்று 50 மி.மீ. திருகாணி. வெட்டுக்கு நேர் மேலே திருகாணி வேண்டாம், அங்கே மரம் 20 மி.மீ.தான்.

கடைசியாக ஒரு கொண்டி. இரண்டு பேர் மேசையைப் பலகையில் பிடித்துத் தூக்கினால் உருட்டுக் கட்டை வெட்டிலிருந்து நழுவி, கீழே வைக்கும்போது மேசை மடங்கிவிடும். விரல் நசுங்குவது அப்போதுதான். வெட்டின் வாயைக் குறுக்கே அடைக்கும் சிறு கொண்டியோ, சுழலும் கட்டையோ, இரண்டு பக்கமும் கட்டாயம் வேண்டும்.

மரம், கழிவும் சேர்த்து, முக்கால் கன அடி வாங்கினால் போதும். மேசையின் எடை 20 கிலோவை ஒட்டி வரும். போல்ட்டுகளின் தலையும் நட்டும் எதிலும் இடிக்காதபடி மரத்துக்குள் பதிந்திருந்தால், மடக்கிய கனம் சுமார் 10 செ.மீ.

கேள்வி (மயிலாடுதுறை): எனக்கு 4 அடி நீளம் போதும். மேலே சொன்ன மாதிரியில் கால் முழுவதும் பலகைக்குள் அடங்குமா?

பதில்: அடங்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். காலைப் பலகைக்கு நடுவாக வைத்து, மடக்கினால் வெளியே தெரியாமலும் இருக்க வேண்டுமானால், பலகையின் நீளம் கால் உயரத்தைப் போல 1.73 மடங்காவது இருக்க வேண்டும். 700 உயரத்துக்கு 1212 மி.மீ. நான்கு அடி என்பது 1219. ஏட்டில் அடங்கிவிட்டது போலத் தோன்றும். ஆனால் அதற்கு விரிப்பை 404 மி.மீ.க்குச் சுருக்க வேண்டும், இரண்டு பக்கமும் 40 செ.மீ. பலகை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். 16 கிலோ எடையுள்ள மேசையின் ஓரத்தில் 8 கிலோ வைத்தாலே கவிழும். ஒரு குடம் தண்ணீர் அதைவிடக் கனம். அடியின் சாய்வு வெட்டு எடுத்துக்கொள்ளும் இடத்தை இதில் சேர்க்கவேயில்லை.

பலகையை 1200 மி.மீ. எடுத்து, விரிப்பை 700 ஆக்குங்கள். காலின் நீளம் 990, மேல் போல்ட் விளிம்பிலிருந்து 250. மடக்கினால் கால் நுனி 3 இஞ்ச் வெளியே நீட்டும், அவ்வளவுதான். ஓரத்தில் 22 கிலோ வரை தாங்கும். நீட்டும் நுனியைப் பிடித்தே மேசையைத் தூக்கிப் போகலாம். சிலர் காலை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்து உள்ளே அடக்குகிறார்கள். எதிர்ப்பக்கம் முழங்கையை ஊன்றினால் கவிழும் மேசை அது. செய்யாதீர்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஒரே மேசையாக இரண்டு உயரம் வைக்க முடியுமா?

பதில்: முடியும். வெட்டுக்கட்டையில் முதல் வெட்டிலிருந்து 78 மி.மீ. வெளியே இரண்டாவது வெட்டு போடுங்கள். 200 மி.மீ. கட்டையில் அதற்கு இடம் இருக்கிறது. விரிப்பு 878 ஆகும், மேசை 100 மி.மீ. இறங்கி 652-ல் நிற்கும். விலக்கும் விசை பாரத்தைப் போல 1.46 மடங்காகிவிடும் என்பதால் தாழ்ந்த நிலையில் கனமான சாமான் வேண்டாம். அடியின் சாய்வும் 7 பாகை மாறும். அதற்காக அடியை லேசாக வளைத்து இழைத்து, ரப்பர் ஒட்டுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): நான்கு காலும் ஒரே அளவுதான். ஆனாலும் ஒரு கால் தரையில் படாமல் மேசை ஆடுகிறது. புதிதாக இருந்தபோது ஆடியதை விட இப்போது அதிகம்.

பதில்: இரண்டு காரணம் சேர்ந்திருக்கிறது. புதிதிலேயே ஆடியதற்குக் காரணம் துளை. ஒவ்வொரு காலையும் தனித்தனியாக அளந்து துளைத்தால் 1 மி.மீ., 2 மி.மீ. மாறத்தான் செய்யும். நான்கு காலையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் கிளாம்பில் இறுக்கி, மேல் துளையையும் நடுத் துளையையும் ஒரே குத்தில் போட வேண்டும். கைடிரில் சாயும், ஸ்டாண்டில் மாட்டிய டிரில் சாயாது. அடியை முன்கூட்டியே 41 பாகையில் வெட்டி வைக்காதீர்கள். மேசையை முழுவதும் மாட்டி, ரசமட்டத்தில் பலகை சமமாக நிற்கும்படி கால்களுக்கு அண்டை கொடுத்து, ஒரு சின்ன மரத்துண்டைத் தரையில் படுக்கவைத்து, அதன் மேல் பென்சிலைக் கிடத்தி நான்கு காலையும் சுற்றிக் கோடு இழுத்து, அந்தக் கோட்டில் அறுங்கள். ஆட்டம் அங்கேயே போய்விடும்.

வரவர அதிகமாவதற்குக் காரணம் போல்ட். முழு நீளமும் மரை ஓடிய போல்ட்டைப் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு முறை மடக்கும்போதும் மரை அரம் போலத் துளையை ராவும், வட்டம் முட்டை வடிவமாகும். 28 மி.மீ. கால் இரண்டும் மூன்று வாஷரும் சேர்ந்தால் 62 மி.மீ. அதற்கு 10 மி.மீ. கனம், 80 மி.மீ. நீளம், பாதிக்கு மேல் வழவழப்பாக உள்ள போல்ட் வாங்கி, நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ள நட்) போடுங்கள். சாதா நட் மடக்க மடக்கக் கழன்றுகொண்டே இருக்கும். ஏற்கனவே முட்டையான துளையை 12 மி.மீ.க்குப் பெரிதாக்கி, உள்விட்டம் 10 உள்ள பித்தளைக் குழாய்த் துண்டை எப்பாக்ஸியில் பதித்தால் மேசை பழையபடி நிற்கும்.

கேள்வி (சேலம்): மரத்துக்குப் பதில் ஒரு இஞ்ச் சதுர இரும்புக் குழாயில் கால் செய்தால்?

பதில்: 16 கேஜ் (சுவர் கனம் சுமார் 1.6 மி.மீ.) குழாய் 100 கிலோவை நன்றாகத் தாங்கும், அளவுகளும் அதே கணக்குதான். ஒன்று மட்டும் கவனம். நடு போல்ட்டை இறுக்கினால் குழாய் சப்பிப்போகும். துளைக்குள் 10 மி.மீ. போல்ட் நுழையும் சிறு குழாய்த் துண்டை வைத்து இரண்டு பக்கமும் வெல்டு அடித்துவிட்டு, அப்புறம் போல்ட் மாட்டுங்கள். பெயின்ட் அடிக்கும்போது அந்தத் துண்டின் உள்ளே பெயின்ட் போகாமல் துணி அடைத்துக்கொள்ளுங்கள். அடிக்கு ரப்பர் தொப்பி போடுங்கள், இல்லாவிட்டால் டைல்ஸில் கீறல் விழும். தொப்பிக்குள் தண்ணீர் தேங்கினால் உள்ளிருந்தே துரு ஏறும். அதனால் தொப்பியின் அடியில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டுவிடுங்கள்.