மின்மோட்டார் கேள்வி-பதில்: சாஃப்ட் ஸ்டார்ட்டர் மாட்டிய பின் வேகம் எடுக்காத மோட்டார்

கேள்வி: கிணற்றிலிருந்து மேட்டு நிலத்துக்குத் தண்ணீர் ஏற்றும் எங்கள் 30 ஹெச்.பி. மோட்டார் பல ஆண்டுகளாக ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ஓடியது. நிறுத்தும்போதெல்லாம் தண்ணீர் திரும்பி அடித்துக் குழாய் இணைப்புகள் விட்டுப்போனதால் சாஃப்ட் ஸ்டார்ட்டர் (வோல்ட்டேஜைப் படிப்படியாக ஏற்றி இறக்கி மோட்டாரை மெதுவாகத் தொடங்கி நிறுத்தும் கருவி) வாங்கி மாட்டினோம். மூன்று கேபிள்களை மட்டும் மோட்டாருக்குக் கொடுத்துவிட்டு, மீதமுள்ள மூன்று முனைகளை எலக்ட்ரீஷியன் ஒன்றாக முறுக்கிவிட்டார். இப்போது மோட்டார் உறுமியபடி ஓரளவு வேகம் எடுத்து, ‘ஓவர்லோடு’ காட்டி நின்றுவிடுகிறது. கரன்ட் லிமிட்டை (தொடங்கும்போது மோட்டார் வாங்கக்கூடிய கரன்ட்டின் உச்சவரம்பை) உயர்த்தலாமா?
– ஒரு விவசாயி, உடுமலைப்பேட்டை

பதில்: உயர்த்த வேண்டாம். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் கோளாறு ஸ்டார்ட்டரில் இல்லை, முறுக்கிவிட்ட அந்த மூன்று முனைகளில்தான் இருக்கிறது. பழைய ஸ்டார்ட்டர் சில விநாடிகள் மட்டும் மோட்டாரை ஸ்டாரில் (மூன்று காயில்களின் ஒரு பக்க முனைகள் ஒன்றாகச் சேர்ந்த இணைப்பு) ஓட்டிவிட்டு டெல்டாவுக்கு (காயில்கள் முக்கோணமாகச் சேர்ந்து முழு வோல்ட்டேஜ் பெறும் இணைப்பு) மாற்றிவிடும். இப்போதோ மோட்டார் நிரந்தரமாக ஸ்டாரிலேயே நிற்கிறது. 415 வோல்ட் கிடைக்க வேண்டிய ஒவ்வொரு காயிலுக்கும் 240 வோல்ட்தான் கிடைக்கிறது; முறுக்குவிசை வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து, பம்பின் பளுவை இழுக்க முடியாமல் மோட்டார் அதிகக் கரன்ட்டை வாங்குகிறது. இந்நிலையில் லிமிட்டை உயர்த்தினால் காயில்தான் சூடேறும்.

மோட்டாரின் டெர்மினல் பாக்ஸைத் திறந்து, காயில் முனைகளை U1-W2, V1-U2, W1-V2 என்று டெல்டாவில் இணைக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் மெயினை அணைத்தே ஆக வேண்டும்: ‘ஸ்டாப்’ அழுத்தியிருந்தாலும் ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் தைரிஸ்டர்கள் (மின்னணு சுவிட்சுகள்) வழியாகக் கசியும் வோல்ட்டேஜ் மோட்டார் முனைகளில் இருக்கும், அது ஆளைத் தாக்கக்கூடியது.

அதன்பின் செட்டிங்குகளுக்கு வாருங்கள். மோட்டார் கரன்ட்டாக நேம் பிளேட்டில் உள்ள அளவையே (30 ஹெச்.பி.க்குச் சுமார் 40 ஆம்பியர்) கொடுங்கள். தொடக்க வோல்ட்டேஜ் 40 சதவீதம், வேகமெடுக்கும் நேரம் 8 முதல் 10 விநாடி, கரன்ட் லிமிட் அந்த மோட்டார் கரன்ட்டைப்போல் 3 முதல் 3.5 மடங்கு என்று ஆரம்பித்து, கிளாம்ப் மீட்டரை வைத்துப் பார்த்தபடி சிறிது சிறிதாகத் திருத்துங்கள். லிமிட்டை மிகவும் குறைப்பதும் தவறு: நேரடியாகத் தொடங்கும்போது 6 மடங்கு வாங்கும் மோட்டாரை 2 மடங்கில் நிறுத்திவைத்தால், முறுக்குவிசை ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்குதான் கிடைக்கும். ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே தைரிஸ்டர்கள் ஆறுவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள்.

நீங்கள் இதை வாங்கிய காரணமே தண்ணீர் அடி என்பதால், ‘சாஃப்ட் ஸ்டாப்’ வசதியை மறக்காமல் இயக்குங்கள். 10 விநாடியில் தொடங்கி, நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு) சத்தமில்லாமல் மூடும்வரை கூட்டுங்கள். இந்த அளவுகளை ஆழ்துளைக் கிணற்று சப்மெர்சிபிள் மோட்டாருக்கு அப்படியே வைத்துவிடாதீர்கள். அதன் த்ரஸ்ட் பேரிங்கில் (மேலிருந்து அழுத்தும் பளுவைத் தாங்கும் பேரிங்) தண்ணீர்ப் படலம் உருவாக வேகம் வேண்டும் என்பதால், 3 விநாடிக்குள் அது வேகமெடுத்துவிட வேண்டும்.

கேள்வி: மோட்டார் முனையில் இருக்கும் கெப்பாசிட்டரை, சாஃப்ட் ஸ்டார்ட்டர் வைத்த பின்பும் அங்கேயே விடலாமா?
– ஒரு வாசகர், பல்லடம்

பதில்: கூடாது. தைரிஸ்டர் திறக்கும் ஒவ்வொரு முறையும் கெப்பாசிட்டர் திடீரென இழுக்கும் கரன்ட் அந்தத் தைரிஸ்டரையே பழுதாக்கிவிடும். அதை ஸ்டார்ட்டருக்கு முன்னால், மெயின் பக்கத்தில் தனிக் கான்டாக்டருடன் வைத்து, மோட்டார் முழு வேகம் அடைந்து பைபாஸ் கான்டாக்டர் (தைரிஸ்டர்களைத் தவிர்த்து மின்சாரத்தை நேராக மோட்டாருக்கு விடும் சுவிட்ச்) ஒட்டிய பிறகே சேரும்படி வயரிங் செய்யுங்கள்.