முகப்பருவுக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டவர்கள் யாராவது உண்டா? உண்மையில் பலன் கிடைத்ததா?

சாப்பிட்டிருக்கிறேன். டாக்ஸிசைக்ளின், 100 மில்லிகிராம். பலன் கிடைத்தது. மூன்று மாதம் சாப்பிடச் சொன்னதைப் பதினொரு மாதம் சாப்பிட்டதால் வேறு சிலவும் கிடைத்தன. நீங்கள் கேட்டது முதல் பாதியை மட்டும்தான். ஆனால் இரண்டாம் பாதியைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நீங்கள் வயதைக் குறிப்பிடவில்லை. இருபதை ஒட்டி இருக்கும் என்றும், வீட்டில் ஏதோ ஒரு விசேஷம் நெருங்குகிறது என்றும் நானாகவே வைத்துக்கொள்கிறேன். விசேஷம் இல்லாத வீட்டுப் பிள்ளை பருவுக்காக மாத்திரை வரைக்கும் போக மாட்டான்.

நான் மருத்துவன் அல்லன். பட்டவன், அவ்வளவுதான். ‘டாக்டர் இல்லாதவர் மருந்தைப் பற்றி எழுதலாமா’ என்று கேட்கத் தயாராக இருப்பவர்கள் நான் எங்கேயாவது யாருக்காவது மாத்திரை சிபாரிசு செய்திருக்கிறேனா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும். ‘வேப்பிலையும் மஞ்சளும் இருக்கும்போது இங்கிலீஷ் மருந்து எதற்கு’ என்று வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: வேப்பிலைக்கு நடுவே ஏழு நாள் படுத்துக் கிடந்தவன் நான். அது பின்னால் வருகிறது.

எங்கள் ஊர் மேலூர்ப் பக்கம். 2011இல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. எனக்கு வந்தது பேருக்கு நாலு பரு அல்ல. வலது தாடையில் கொத்துக் கொத்தாக, தோலுக்கு அடியில் புளியங்கொட்டை வைத்துத் தைத்ததுபோல் இருக்கும். தொட்டால் காது வரை வலி தெறிக்கும். சவரம் செய்தால் ரத்தம், செய்யாவிட்டால் பேராசிரியரிடம் திட்டு. தையில் அக்காவுக்குக் கல்யாணம் என்று முடிவானதும் அம்மாவே நூறு ரூபாய்த் தாள்களைச் சுருட்டிக் கையில் கொடுத்து, ‘போய் முகத்தைக் காட்டிவிட்டு வா’ என்று அனுப்பினாள்.

மதுரை அண்ணா நகரில் ஒரு தோல் டாக்டர். வயதான அம்மா. சீட்டில் இரண்டு வரி எழுதினார். முதல் வரி மாத்திரை: தினம் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின், முழு டம்ளர் தண்ணீரோடு, விழுங்கியவுடன் படுக்கக் கூடாது. இரண்டாவது வரி பென்சாயில் பெராக்சைடு களிம்பு. ‘மாத்திரை மூன்று மாதம்தான். ஆறு வாரம் கழித்து வந்து காட்டு’ என்றார். மருந்துக் கடையில் விலை கேட்டேன். மாத்திரை மலிவு, களிம்பு அப்படி இல்லை. பருவை உள்ளிருந்து அறுக்க மாத்திரை இருக்கும்போது மேலே பூச எதற்கு என்று களிம்பை விட்டுவிட்டேன். மிச்சக் காசுக்கு மாட்டுத்தாவணியில் புரோட்டா.

முதல் மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இதை முக்கியமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பத்தாம் நாளே ‘ஏமாற்று வேலை’ என்று நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். ஐந்தாவது வாரம் புதிதாக வருவது குறைந்தது. எட்டாவது வாரம் தாடையை அழுத்தினால் வலி இல்லை. இந்த மாத்திரை கிருமியை அடக்குவதோடு வீக்கத்தையும் சிவப்பையும் தணிக்கும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது கண்ணாடி மட்டும்தான்.

ஆறு வாரத்தில் திரும்பப் போகவில்லை. நன்றாக இருக்கும்போது எவன் போவான்? மூன்று மாதம் முடிந்தபோது ஒரு பயம் பிடித்துக்கொண்டது. நிறுத்தினால் கல்யாணத்துக்குள் திரும்பி வந்துவிட்டால்? கடைக்காரரிடம் பழைய அட்டையைக் காட்டினேன். முதல் தடவை ‘சீட்டு எங்கே தம்பி’ என்றார். அடுத்த மாதம் அதுவும் இல்லை. நான் படியேறும்போதே கத்தரிக்கோலை எடுத்துவிடுவார். முழு அட்டை வாங்கக் காசில்லாத நாளில் ஐந்து ஐந்தாக நறுக்கித் தருவார். காலாவதித் தேதி எந்தத் துண்டில் போனது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இப்போது ஆன்டிபயாடிக் அட்டையில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு போடுகிறார்கள், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதே என்பதற்காக. கோட்டைத் தாண்டி வெட்டக் கத்தரிக்கோலுக்கு எவ்வளவு நேரம் ஆகும்!

கல்யாணத்துக்கு முந்தைய இரவு மண்டபத்தில் இலைக்கட்டு இறக்கி, நாற்காலி எண்ணி, ஒரு மணிக்குத்தான் ஜமக்காளத்தில் சாய்ந்தேன். மாத்திரை ஞாபகம் வந்தது. தண்ணீர்ப் பாட்டிலில் அரை மடக்குதான் மிச்சம். அதோடு விழுங்கிப் படுத்துவிட்டேன். விடிந்தபோது நெஞ்சுக்குழிக்கு மேலே தீக்குச்சியைக் கொளுத்தி நிறுத்தியதுபோல் எரிந்தது. எச்சில் விழுங்கினால்கூட வலி. மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு கரைந்தால் அந்த இடத்தையே புண்ணாக்கிவிடுமாம். முழு டம்ளர் தண்ணீர் என்று அந்த அம்மா சொன்னது இதற்குத்தான். நான் பெண்ணின் தம்பி, சாம்பார் வாளியோடு பந்தி பந்தியாக ஓடினேன். ஒரு வாய் ரசம் சோறு இறங்கவில்லை.

அந்தப் பந்தியில்தான் என் அத்தை ஊருக்கே கேட்கும்படி, ‘என்ன மருமகனே, முகத்தில் அம்மை போட்டு இறங்கியதா?’ என்றாள். பரு ஆறி வடு மட்டும் இருந்த முகம் அது. அதை நான் மறந்திருப்பேன். மறக்க முடியாதது மொய் நோட்டு. அவள் மகன் கல்யாணத்துக்கு அப்பா கடன் வாங்கி 2001 ரூபாய் எழுதினார். எங்கள் வீட்டில் அவள் எழுதியது 501. அந்த நோட்டு இன்றும் எங்கள் பீரோவில் இருக்கிறது. இதற்கும் பருவுக்கும் தொடர்பில்லை என்று எனக்கும் தெரியும்.

நெஞ்செரிச்சலுக்கு அதே கடையில் ரோஸ் நிறத்தில் ஒரு வயிற்றுப்புண் மருந்து கொடுத்தார்கள். இரவு மாத்திரையைப் போட்டு, மேலேயே அதை இரண்டு மூடி குடிப்பேன். அந்த மருந்தில் இருக்கும் அலுமினியமும் மக்னீசியமும் டாக்ஸிசைக்ளினைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. இரும்புச்சத்து மாத்திரையும் அப்படித்தான். ரத்தசோகைக்கு அதைச் சாப்பிடுகிற பெண்கள் டாக்டரிடம் கேட்டு நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள், கருத்தரிக்கத் திட்டமிடுபவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். எனக்கு இதெல்லாம் யார் சொன்னார்கள்? மாசியில் பரு மறுபடி எட்டிப் பார்த்தது. நான் கண்ட தீர்வு, தினம் இரண்டு மாத்திரை.

2012 சித்திரை. எங்கள் வீட்டில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சும் நேர்த்திக்கடன் உண்டு. தாத்தா, அப்பா, பிறகு நான். தலையில் உருமால், தோளில் ஆட்டுத்தோல் பை, கையில் துருத்தி. அழகர் ஆற்றில் இறங்குவது விடியலில். ராமராயர் மண்டபத்தில் தண்ணீர் பீய்ச்சி முடிக்கும்வரை நாங்கள் வெயிலில்தான். மதுரைச் சித்திரை வெயில் யாருக்கும் சும்மா இருக்காது. ஆனால் அன்று என் மேல் விழுந்த வெயில் பக்கத்தில் நின்ற சித்தப்பா மகன் மேல் விழுந்த வெயில் அல்ல. இந்த மாத்திரை தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். அளவு கூடக் கூட அதுவும் கூடும். நான் இரண்டு போட்டிருந்தேன்.

சாயங்காலம் மூக்கும் காது மடலும் புறங்கைகளும் செம்பருத்தி நிறம். மறுநாள் காலையில் மூக்கின் மேலும் விரல்களின் மேலும் சின்னச் சின்னக் கொப்புளம். அம்மா ஒரே ஒரு தடவை பார்த்தாள். ‘ஆத்தா இறங்கியிருக்கிறாள்’ என்று கையெடுத்துக் கும்பிட்டாள். வாசலில் வேப்பிலை, படுக்கையில் வேப்பிலை, குளிப்பு இல்லை, தாளிப்பு இல்லை, இளநீரும் கூழும். அம்மை போட்டிருக்கும்போது மருந்து கூடாது என்று மாத்திரை அட்டையைக் கொண்டுபோய்க் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டாள். அத்தையும் வந்து எட்டி நின்று பார்த்துவிட்டு, ‘நான் அன்றைக்கே சொன்னேனே’ என்றாள்.

ஏழு நாளில் எரிச்சல் அடங்கித் தோல் உரிந்தது. இருட்டறையில் படுக்க வைத்து மாத்திரையை நிறுத்தியதுதான் வைத்தியம். அம்மா அதை ஆத்தா கணக்கில் எழுதினாள், நானும் வாதாடவில்லை. அடுத்த மாதம் இரண்டு கட்டைவிரல் நகங்களும் நுனியிலிருந்து சதையை விட்டுப் பிரிந்தன. அப்போதுதான் பயந்துபோய் அண்ணா நகருக்கு ஓடினேன்.

டாக்டரம்மா நகத்தைப் பார்த்தார். பிறகு என் இடது மணிக்கட்டைத் திருப்பினார். கறுத்த கையில் கடிகாரப் பட்டை இருந்த இடம் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குப் பழைய நிறத்தில் பளிச்சென்று இருந்தது. நெற்றியிலும் உருமால் கட்டிய கோட்டுக்கு மேலே ஒன்றுமில்லை. ‘அம்மை கடிகாரத்தைப் பார்த்து ஒதுங்கிப் போகுமா?’ என்று கேட்டுச் சிரித்தார். ‘எத்தனை மாதம் சாப்பிட்டாய்?’ சொன்னேன். சிரிப்பு போய்விட்டது. ‘களிம்பு போட்டாயா?’ என்றார். ‘எந்தக் களிம்பு?’ என்றேன்.

அவர் என்னைத் திட்டியதை இங்கே எழுத இடம் போதாது. சாரத்தை மட்டும் சொல்கிறேன். மாத்திரையைத் தனியாக, மாதக்கணக்கில் சாப்பிட்டால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிப்போகும், பிறகு எத்தனை போட்டாலும் அசையாது. பென்சாயில் பெராக்சைடுக்கு அப்படிப் பழக அதற்கு வழியில்லை. அதனால்தான் இரண்டையும் ஒன்றாக எழுதுகிறார்கள், மாத்திரையை நிறுத்திய பிறகும் பூச்சைத் தொடரச் சொல்கிறார்கள். பிறகு எனக்கு மாத்திரையே தரவில்லை. காலையில் அந்தக் களிம்பு, இரவில் பட்டாணி அளவு அடாபலீன் என்ற இன்னொரு பூச்சு. முதல் மாதம் முகம் வறண்டு உரிந்தது, நான்கு மாதத்தில் அடங்கியது. காலைக் களிம்பு பட்ட துணி வெளுத்துவிடும். அப்பாவின் மெரூன் துண்டில் என் தாடை அளவுக்கு ஒரு ஆரஞ்சுத் திட்டு விழுந்து, அவர் அதோடுதான் வயலுக்குப் போவார்.

அதே அப்பாவுக்குச் சில வருடம் கழித்து வரப்பில் புல் அறுத்தபோது உண்ணிக் காய்ச்சல் வந்தது. அக்குளில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு. டாக்டர் எழுதியது இதே டாக்ஸிசைக்ளின். இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கியது. அந்த அட்டையைக் கையில் வாங்கியபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. உயிர் காக்கிற சரக்கை நான் புரோட்டாக் காசு மிச்சத்துக்காகப் பதினொரு மாதம் மென்றிருக்கிறேன்.

ஆகவே உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். சீட்டை எடுத்துப் பாருங்கள். மாத்திரைக்குக் கீழே இரண்டாவதாக ஒரு வரி இருக்கிறதா? இருந்தால், அதை வாங்கினீர்களா?