கதைக் கல்யாணத்தை மார்ச்சில் வைக்காதீர்கள்

உங்கள் கதைக்கு 1890களின் அயர்லாந்து, கெர்ரி மாவட்டத்துக் கிராமம், மார்ச் நடுவில் கல்யாணம், கல்யாண வீட்டுக்கு வைக்கோல் முகமூடி போட்டு வரும் ஆட்களை (ஸ்ட்ராபாய்ஸ்) எந்த இடத்தில் கொண்டுவருவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் தேதியை மாற்றுங்கள். மார்ச் 15 எந்த ஆண்டிலும் தவக்காலத்துக்குள்தான், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்துக்குள்தான் விழும். அந்தக் காலத்து அயர்லாந்துக் கத்தோலிக்கர்கள் தவக்காலத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அதனால் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு முந்தைய செவ்வாய்தான் அங்கே பெரிய முகூர்த்த நாளாக இருந்தது. ஜனவரி 6 கழிந்ததுமே தரகர் சீதனப் பேச்சைத் தொடங்கியிருப்பார்.

வைக்கோல்காரர்கள் அழைப்பில்லாமல் வருவதுதான் வழக்கம். இரவு ஆட்டம் களைகட்டிய பிறகு பெண் வீட்டுக் கதவைத் தட்டட்டும். முகம் முழுக்க மறைக்கும் கூம்பு வைக்கோல் தொப்பி; அடையாளம் தெரியாதபடி குரலையும் மாற்றிப் பேசுவார்கள். அவர்கள் தலைவன் மணப்பெண்ணோடு ஆடுவான். குடிக்கக் கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். சரியாகக் கவனிக்காத வீட்டில் வம்பு செய்வதும் உண்டு, உங்கள் கதைக்கு அது நல்ல தீனி.

அப்புறம், உங்கள் கதையில் வரும் அந்தக் கல்யாணமாகாத அண்ணன் பாத்திரம். தவக்காலத்து முதல் ஞாயிறு அவன் பூசைக்குப் போகும்போது, கோட்டு முதுகில் யாராவது சாக்கட்டியால் கோடு கிழிக்கட்டும். கெர்ரி அடங்கிய மன்ஸ்டர் மாகாணத்துப் பக்கம் கல்யாணமாகாதவர்களை அப்படித்தான் கேலி செய்தார்கள்.