வாசகர் கேள்விகள்: குழந்தையின் பேச்சும் மயக்க மருந்தும்

கேள்வி: என் மகனுக்குப் பத்து மாதம் நிரம்பிவிட்டது. அண்ணப் பிளவோடு, அதாவது மேல்வாயில் பிளவோடு பிறந்தவன். உதட்டில் குறை எதுவும் இல்லை. அடுத்த மாதம் புதுச்சேரியில் அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். "பேச்சு வருவதற்கு முன்னால் மயக்க மருந்து கொடுத்தால் மூளை மந்தமாகிவிடும், மூன்று வயது ஆகட்டும்" என்று என் மாமியார் தடுக்கிறார். என்ன செய்வது?
- ஒரு தாய், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: உங்கள் மாமியாரின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட மாட்டேன். எலிக்குட்டிகளுக்கு மணிக்கணக்கில் மயக்க மருந்து கொடுத்தபோது மூளை நரம்பணுக்கள் மடிந்தன என்ற ஆய்வு 2003இல் வெளியானதிலிருந்து, மயக்கவியல் மருத்துவர்களாகிய நாங்களும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். 2016இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலோ பலமுறையோ மயக்க மருந்து கொடுப்பது குறித்து எச்சரிக்கையும் விடுத்தது.

ஆனால் மனிதக் குழந்தைகளிடம் கண்டது வேறு. ஏழு நாடுகளில், குடலிறக்க அறுவை சிகிச்சைக்கு வந்த 722 கைக்குழந்தைகளில் ஒரு பாதிக்கு முழு மயக்கமும், மறு பாதிக்கு முதுகுத்தண்டு வழியாக மரத்துப்போகும் ஊசியும் கொடுத்து, ஐந்து வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். 2019இல் வெளியான முடிவின்படி, இரு பிரிவினரின் அறிவுத்திறன் சராசரியும் 99ஐ ஒட்டியே இருந்தது. அங்கே மயக்கம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்தைத் தொட்டது; அண்ண அறுவைக்கு அதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பலமுறை மயக்கம் பெற்ற குழந்தைகளைப் பற்றி 2018இல் வந்த அமெரிக்க ஆய்வொன்றிலும் அறிவுத்திறன் குறையவில்லை. விரல்களின் நுண்ணிய வேலைகளிலும், செய்தியை உள்வாங்கும் வேகத்திலும் மட்டும் சிறு பின்னடைவு தெரிந்தது. ஆகவே தேவையில்லாத மயக்கத்தைத் தவிர்க்க வேண்டும் என்பது சரி. உங்கள் மகனுக்கோ இது தேவையுள்ளது.

ஏன் என்பதற்கு ஒரு சிறு சோதனை. முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டொன்றை மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு "பாப்பா" என்று சொல்லிப் பாருங்கள். கண்ணாடி தெளிவாகவே இருக்கும். "மாமா" என்றால் ஆவி படியும். மெல்லின எழுத்துகளுக்கு மூக்கை இடமாகச் சொன்ன நம் இலக்கண ஆசிரியர்கள் இதைக் கண்ணாடி இல்லாமலே கண்டவர்கள். வல்லினத்தை ஒலிக்கும்போது மேல்வாயின் பின்பகுதியான மெல்லண்ணம் மேலெழுந்து மூக்குக்குப் போகும் வழியை அடைக்கிறது. பிளவுள்ள குழந்தைக்கு அந்தக் கதவே இல்லை. அதனால் "பாப்பா" என்பது "மாம்மா"வாகிவிடுகிறது. காற்றை வாயில் தேக்க முடியாத குழந்தை, அந்த ஒலிகளைத் தொண்டைக்குள்ளேயே வெட்டி உச்சரிக்கப் பழகிக்கொள்ளும். மூன்று வயதில் பிளவை மூடினாலும் அந்தப் பழக்கம் தானாகப் போகாது. மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சி கொடுத்துத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

அண்ணப் பிளவு மட்டும் உள்ள, மற்றபடி நலமான குழந்தைகளுக்கு ஆறு மாதத்தில் மூடுவதா, பன்னிரண்டு மாதத்தில் மூடுவதா என்று ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. ஐந்து வயதில், மூக்கு வழி சரியாக அடைபடாத குறை ஆறு மாதப் பிரிவில் 8.9 சதவீதம், பன்னிரண்டு மாதப் பிரிவில் 15 சதவீதம். உடனே ஆறு மாதத்தில் செய்திருக்கலாமே என்று வருந்த வேண்டாம். எடையும் ரத்தச் சோகையும் பார்த்து, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் செய்வது நம் ஊர்களில் வழக்கம்தான். மூன்று வயது வரை தள்ளிப்போடுவதைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

தேதிக்கு முன்பாகச் செவித்திறன் சோதனையைக் கேட்டுப் பெறுங்கள். அண்ணப் பிளவுள்ள குழந்தைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்வது மிகச் சாதாரணம். காதில் சரியாக விழாத சொல் வாயில் எப்படி வரும்? பேச்சு தாமதப்படுவதில் இதற்கும் பங்குண்டு.

உங்கள் மாமியாரிடம் இதையும் சொல்லலாம். இங்கிலாந்தின் நியூகாசிலில் பிலிப் அயர் என்ற மயக்கவியல் மருத்துவர், உதடும் அண்ணமும் பிளந்த சிசுக்கள் சிரமமின்றி மூச்சுவிடுவதற்காக, 1937இல் வால்வு எதுவும் இல்லாத, ஆங்கில 'டி' எழுத்து வடிவக் குழாய் ஒன்றை அமைத்தார். அவரே பிளவோடு பிறந்தவர். அதனோடு பின்னாளில் ஜாக்சன் ரீஸ் என்ற மயக்கவியல் மருத்துவர் ஒரு சிறு பையைச் சேர்த்தார். அந்த 'ஜே.ஆர். சர்க்யூட்'டை இன்றும் பயன்படுத்துகிறோம். கைக்குள் அடங்கும் அந்தப் பை புடைத்துத் தணியும்போது, குழந்தையின் ஒவ்வொரு மூச்சும் எங்கள் விரல்களுக்குத் தெரியும்.

கேள்வி: ஏழு வயது மகளுக்கு டான்சிலும் அடினாய்டும் எடுத்து ஐந்து நாளாகிறது. குரல் கம்மியிருக்கிறது, மூக்கால் பேசுகிறாள். மயக்க மருந்தின் விளைவா?
- ஒரு தந்தை, அரியாங்குப்பம், புதுச்சேரி

பதில்: மருந்தின் விளைவல்ல. மூச்சுக்கான குழாய் இரு குரல்நாண்களுக்கு நடுவே செல்வதால் லேசான வீக்கம் ஏற்பட்டுக் குரல் கம்மும். பெரும்பாலும் சில நாள்களில் தெளிந்துவிடும். இரண்டு வாரம் கடந்தும் கம்மலாகவே இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சு விடும்போது இரைச்சல் கேட்டால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். மூக்குப் பேச்சுக்குக் காரணம் வேறு: மூக்கின் பின்புறத்தில் அடினாய்டு சதை அடைத்திருந்த இடம் திடீரென்று காலியாகிவிட்டது, மெல்லண்ணம் இனி இன்னும் சற்று உயர்ந்து மூடக் கற்றுக்கொள்ள வேண்டும். வலி இருக்கும்வரை அது தயங்கும். வாரக்கணக்கில் சரியாகிவிடும், மூன்று மாதம் தாண்டினால் பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள்.

கேள்வி: காலையில் கடலூரிலிருந்து பேருந்தில் வரும்போது குழந்தை அழுதான் என்று பாலும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தோம், அறுவை சிகிச்சையை ஒத்திவைத்துவிட்டார்கள். இரண்டு பிஸ்கட்டுக்கா?
- ஒரு பாட்டி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ஆம் அம்மா, இரண்டு பிஸ்கட்டுக்குத்தான். மயக்கத்தில் இருமலும் விழுங்கலும் அடங்கிவிடுவதால், வயிற்றிலிருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போகக்கூடும். திட உணவும் பசும்பாலும் ஆறு மணி நேரம் முன்பே, தாய்ப்பால் நான்கு மணி நேரம் முன்பே நிறுத்தப்பட வேண்டும். வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்புவரை தரலாம். ஒரு மணி நேரம் முன்புவரை அனுமதிக்கும் மருத்துவர்களும் உண்டு. இதைச் சொல்லாமலே உங்களை ஊருக்கு அனுப்பியிருந்தால் தவறு அவர்களுடையது. அடுத்த தேதி வாங்கும்போது, எதை எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்று சீட்டின் பின்புறம் எழுதித் தரச் சொல்லுங்கள்.