பித்தநாளம் 9 மி.மீ. இருந்தால் உடனே இ.ஆர்.சி.பி.யா?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. சில வருடங்களுக்கு முன்பு பித்தப்பையை எடுத்துவிட்டோம். வயிற்று உப்புசம் என்று ஸ்கேன் பார்த்ததில் பித்தநாளம் 9 மி.மீ. என வந்திருக்கிறது. ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். ஸ்கேன் சென்டரில் பழக்கமான ஒருவர், 'உள்ளே கல் இருக்கும், இந்த வாரமே இ.ஆர்.சி.பி. செய்துவிடுங்கள், தெரிந்த ஆஸ்பத்திரியில் பேக்கேஜ் பேசித் தருகிறேன்' என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். அந்த பேக்கேஜ்காரரின் நம்பரை முதலில் போனிலிருந்து அழியுங்கள். அவருக்கு வரப்போவது கமிஷன்; வலி உங்கள் அம்மாவுக்குத்தான்.

பித்தநாளம் என்பது ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தத்தைக் கொண்டுபோகும் குழாய். பித்தப்பை எடுத்தவர்களுக்கு அது 10 மி.மீ. வரைகூட அகலும். நாளம் அடைத்தால் ரத்தத்தில் ஏறும் பிலிரூபின், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் இரண்டும் சரியாக இருக்கும்போது அந்த 9-ஐ நோய் என்று சொல்ல முடியாது. பித்தப்பை எடுத்த விவரம் அதே ரிப்போர்ட்டின் மேல்வரியில் இருக்கும். அதை யார் படிக்கிறார்கள்?

இ.ஆர்.சி.பி. என்பது வாய்வழியாக டியூபைச் சிறுகுடல் வரை இறக்கி, நாளத்தின் வாய்க்குள் மெல்லிய குழாயை நுழைத்து, சாயம் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்ப்பது. 1968-இல் இது வந்தபோது நோயைக் கண்டுபிடிக்கத்தான் பயன்பட்டது. இன்று பெரும்பாலும் கல்லை எடுக்க, அடைப்பைத் திறக்க, ஸ்டென்ட் (நாளம் அடைபடாமலிருக்க உள்ளே வைக்கும் சின்னக் குழாய்) வைக்கத்தான். கணையநாளமும் அதே வாயில்தான் வந்து சேர்கிறது. அதைச் சீண்டினால் கணையம் அழன்றுவிடும். நூற்றுக்கு 3 முதல் 10 பேருக்கு இப்படி ஆகிறது, சிலர் ஐ.சி.யூ. வரை போகிறார்கள். அதிலும் பிலிரூபின் நார்மலாக உள்ள பெண்களுக்கு ஆபத்து கூடுதல்.

சந்தேகம் தீர வேண்டுமானால் எம்.ஆர்.சி.பி. எடுங்கள். பித்தநாளத்தைப் படம்பிடிக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அது. டியூபும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. 5 மி.மீ.க்குக் குறைந்த கல் அதில் தப்பலாம். அதற்கு எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் இருக்கிறது: டியூபின் நுனியிலேயே ஸ்கேன் கருவி, குடல் சுவரை ஒட்டி நின்று பார்க்கும். கணையத்தின் தலையில் சின்னக் கட்டி இருந்தாலும் காட்டும். பல ஊர்களில் இந்தக் கருவியே கிடையாது. பல இன்சூரன்ஸ் பாலிசிகளோ, பெட்டில் சேர்ந்தால்தான் பணம் தரும். வெளியே எடுக்கும் ஸ்கேனுக்குத் தராது. தேவையில்லாத இ.ஆர்.சி.பி. ஏன் நடக்கிறது என்று பிறகு கமிட்டி போட்டுப் பேசுவார்கள்.

ஒரே ஒரு நிலைமையில் மட்டும் நான் சொன்னதையெல்லாம் மறந்துவிடுங்கள். கண் மஞ்சளாகி, உடம்பு தூக்கிப்போடும் குளிர்காய்ச்சல் வந்தால் அடைபட்ட நாளத்தில் கிருமி பெருகிவிட்டது என்று பொருள். வயதானவர்களுக்குக் காய்ச்சலே தெரியாமல் பிரஷர் இறங்கலாம், பேச்சு குழறலாம். அப்போது எம்.ஆர்.சி.பி.க்கு டோக்கன் வாங்கிக் காத்திருக்கக் கூடாது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து மூன்று நாள் பார்க்கவும் கூடாது. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. ஆன்டிபயாடிக் ஏற்றி, தாமதிக்காமல் இ.ஆர்.சி.பி.யில் அடைப்பைத் திறக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரானால் உள்ளே நுழையும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.

பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்தால், அதை எடுக்கும் தேதியை டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்குங்கள். பொதுவாக மூன்று மாதத்துக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். வலி போய்விட்டதென்று இரண்டு வருடம் கழித்து, உள்ளே அடைத்துப்போன ஸ்டென்ட்டோடு வருகிறவர்கள் ஏராளம்.