ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் ஆன்லைன் கேமின் பிவிபியில் (ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் அடிக்கும் சண்டை) என்னைவிட லெவல் குறைந்தவரிடம் ஏன் தோற்கிறேன்? எங்கள் ஊர் இணைய வேகம்தான் காரணமா?

கேட்டவருக்கு கம்பேட் லெவல் 74. அட்டாக், ஸ்ட்ரெங்த், டிஃபன்ஸ், ஹிட்பாயிண்ட்ஸ் (உயிர்) நான்கும் 60, பிரேயர் 43. ஆட்கள் ஒருவரையொருவர் அடிக்கக்கூடிய வைல்டர்னஸில் 67 லெவல் ஆள் ஒருவர் வந்து சில நொடிகளில் சாய்த்துவிட்டுப் போகிறாராம். தோட்டப்புறத்து லைன்தான் காலை வாருகிறதா என்று கேட்டிருக்கிறார்.

லைனுக்கு இதில் பங்கு குறைவு. நான் வளர்ந்தது மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம், சுற்றிலும் செம்பனைத் தோட்டம். டவுன் சைபர் கஃபேயில் இருந்ததெல்லாம் பழைய கம்ப்யூட்டர்கள். ரூன்ஸ்கேப் பிரவுசரிலேயே ஓடும் என்பதால் எங்களுக்கு அது கிடைத்தது. அந்த லைனை வைத்துக்கொண்டே அங்கே நன்றாகச் சண்டை போட்டவர்கள் இருந்தார்கள்.

முதலில் லெவல் கணக்கு. டிஃபன்ஸ், ஹிட்பாயிண்ட்ஸ், பிரேயரில் பாதி மூன்றையும் கூட்டி அதில் கால் பங்கு எடுக்கிறார்கள். அட்டாக்கையும் ஸ்ட்ரெங்த்தையும் கூட்டி 0.325-ஆல் பெருக்கி அதோடு சேர்க்கிறார்கள். உங்களுக்கு 35.25 + 39, ஆக 74. உங்களை அடித்தவர் அநேகமாக ஒரு 'பியூர்', அதாவது அடிக்கும் திறனை மட்டும் ஏற்றி வைத்திருப்பவர். டிஃபன்ஸும் பிரேயரும் 1-லேயே நிற்கும். அட்டாக் 60, ஸ்ட்ரெங்த் 90, ஹிட்பாயிண்ட்ஸ் 75 என்று வைத்துப் பாருங்கள்: 19 + 48.75, லெவல் 67! ஸ்ட்ரெங்த்தில் உங்களைவிட 30 கூட, லெவலில் 7 குறைவு. வைல்டர்னஸில் நிற்கும் இடத்தின் லெவல் எவ்வளவோ அவ்வளவு வித்தியாசம் வரை அடிக்கலாம் என்பதால், ஏழாம் லெவலைத் தொட்டதுமே நீங்கள் அவருக்கு இரை. இன்னொன்றும் உண்டு. மெலீ (கிட்டே நின்று அடிப்பது), ரேஞ்ச் (வில்), மேஜிக் மூன்றில் எது அதிகமோ அது மட்டும்தான் கணக்கில் சேரும். மெலீயை ஏற்றிவிட்டவர் வில்லையும் பழகி வைத்திருந்தால் லெவலைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

அப்புறம் டிக், அதாவது சர்வரின் கடிகாரத் துடிப்பு. என்னைக் கேட்டால் மொத்த பிவிபியும் இதில்தான் இருக்கிறது. சர்வர் 0.6 வினாடிக்கு ஒருமுறைதான் கண் திறந்து பார்க்கிறது. அந்த இடைவெளிக்குள் வந்து சேர்ந்த கிளிக் எல்லாவற்றையும் அடுத்த டிக்கில் நடத்திவைக்கிறது. விப் (சாட்டை), டிராகன் டேகர் (குத்துவாள்) இரண்டுக்கும் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே 4 டிக், அதாவது 2.4 வினாடி. ரூன் டூ ஹாண்டட் வாளுக்கு 7 டிக். இந்தத் தாளம் கைக்கு வராதவரை லெவல் எவ்வளவு இருந்தாலும் அடி வாங்கத்தான் வேண்டும்.

எங்கள் சைபர் கஃபேக்குத் தோட்டத்து லயத்திலிருந்து ஓர் அண்ணன் வருவார். நான் விளையாடும்போது பின்னால் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, ரத்தத்தையே பார்த்துக்கிட்டு இருக்காதே, அவன் கையைப் பாரு" என்பார். அவர் ஆடும்போது பார்த்தால் விஷயம் புரியும். எதிரி விப்பால் அடித்துக்கொண்டிருப்பான், திடீரென்று கையில் டிராகன் டேகர் தெரியும். தெரிந்த நொடியில் முதல் இரட்டைக் குத்து விழுந்தாயிற்று, அதைத் தடுக்க முடியாது. அடுத்த இரட்டைக் குத்துக்கு 4 டிக் இருக்கிறது. அந்த இரட்டைக் குத்துதான் டேகரின் ஸ்பெஷல், சிறப்பு அடி. ஒரு ஸ்பெஷலுக்கு அதற்கான சக்தியில் 25 சதவீதம்தான் செலவு, ஆக அது நிச்சயம் வரும். அண்ணன் பதறமாட்டார். எஃப் கீயைத் தட்டி பிரேயர் பக்கம் போய் மெலீ அடியைக் குறைக்கும் புரொடெக்ட் ஃப்ரம் மெலீ, திரும்பி பொருள்கள் இருக்கும் இன்வென்டரிக்கு வந்து சாப்பிட ஒரு சுறா, அதே டிக்கில் ஒரு கரம்ப்வான். சுறா 20, கரம்ப்வான் 18, ஒரே மூச்சில் ஹிட்பாயிண்ட்ஸ் 38 ஏறிவிடும். சாப்பிட்டால் நம் அடுத்த அடி தள்ளிப்போகும் என்பது அவருக்கும் தெரியும். அந்த நேரத்தில் உயிரோடு நிற்பதுதான் முக்கியம்.

கிரானைட் மால் என்கிற பெரிய சுத்தியல் மட்டும் இதற்குள் அடங்காது. அதன் ஸ்பெஷல் 4 டிக், 5 டிக் என்று காத்திருக்காது, முந்தைய அடியோடு ஒட்டிக்கொண்டே விழும். பியூர்களுக்கு அதன்மேல் அவ்வளவு பிரியம். ஆகவே 60 ஹிட்பாயிண்ட்ஸ் உள்ள நீங்கள் 40-க்குக் கீழே இறங்கினால் யோசிக்காமல் சாப்பிடுங்கள்.

உங்கள் கையில் இருப்பதையும் பாருங்கள். 43 பிரேயர் உங்களிடம் இருக்கிறது, அந்த பியூரிடம் இல்லை. அதைவைத்து அண்ணன் போட்ட புரொடெக்ட் ஃப்ரம் மெலீயை நீங்களும் போடலாம். அது அரக்கர்களின் அடியைப் போல முழுசாகத் தடுக்காது, ஆட்களின் அடியில் 40 சதவீதத்தைத்தான் குறைக்கும். அதுவே பெரிய விஷயம். அவர் டிஃபன்ஸ் 1 என்பதால் நீங்கள் அடிப்பதும் பெரும்பாலும் விழும். ஆகவே மெலீக்கு மெலீ என்றால் ஓடாதீர்கள், நின்று அடியுங்கள். அவர் மேஜிக்கில் வந்தால் கதை வேறு. ரூன் கவசம் மந்திரத்துக்கு முன் சோப்ளாங்கி. அந்த மாதிரி ஆளுக்கு டி'ஹைட் (டிராகன் தோல் கவசம்) ஒரு செட் பையில் இருக்கட்டும்.

சரி, லைன். சர்வரின் கடிகாரம் 600 மில்லிவினாடி என்பதால் பிங் (நம் கிளிக் சர்வருக்குப் போய் பதில் வரும் நேரம்) 200 இருந்தாலும் அது 200-லேயே நிலையாக நின்றால் போதும், கொஞ்சம் முன்கூட்டிக் கிளிக் செய்யப் பழகிவிடலாம். 80-க்கும் 500-க்கும் இடையே ஆடுகிற லைன்தான் ஆளைக் கொல்லும். பக்கத்து சீட்டில் யாராவது படம் இறக்கினால் எங்களுக்கு அதுதான் நடக்கும். ஆஸ்திரேலிய உலகங்களை முயன்று பாருங்கள், எனக்கு லண்டனைவிட அவை எப்போதும் மேல். சாயங்காலம் இடி மழை கட்டி வந்தால் வைல்டர்னஸ் பக்கமே போகாதீர்கள். சண்டை நடுவில் இணைப்பு அறுந்தாலும் உங்கள் ஆள் அங்கேயே நின்று அடிவாங்குவான். தலையில் ஸ்கல் (மண்டையோட்டுக் குறி) இருந்தால் வைத்திருந்ததெல்லாம் போச்சு. வைல்டர்னஸின் 20-ஆம் லெவலுக்கு மேலே தப்பிக்கும் சாதாரண டெலிபோர்ட்டும் வேலை செய்யாது.

பளபளப்பான புது கேம்களில், நகரத்து லைன் வைத்திருப்பவர்களுக்கு முன்னால் எங்களால் நிற்க முடிந்ததே இல்லை. இந்த மெதுவான கடிகாரம் தோட்டத்துப் பையனுக்கும் இடம் கொடுத்தது. 2007 டிசம்பரில் வைல்டர்னஸ் சண்டையை எடுத்துவிட்டார்கள், 2011 பிப்ரவரியில் திரும்பக் கொடுத்தார்கள், 2012-இல் சண்டை முறையையே மாற்றினார்கள். 2013-இல் 2007 ஆகஸ்ட் பிரதியிலிருந்து ஓல்ட் ஸ்கூல் வந்ததால்தான் நமக்கு அந்தப் பழைய சண்டை மீண்டும் கிடைத்தது. அதற்கு நான் உண்மையிலேயே நன்றியோடு இருக்கிறேன்.

இப்போதைக்கு வைல்டர்னஸை விட்டுவிட்டு, அதே கேமில் உள்ள லாஸ்ட் மேன் ஸ்டாண்டிங் ஆட்டத்துக்குப் போங்கள். அங்கே எல்லாருக்கும் ஒரே லெவல், செத்தாலும் சொந்தப் பொருள் போகாது. ஆட்டோ ரிட்டாலியேட்டை (தானாகத் திருப்பி அடிப்பதை) அணைத்துவிட்டு, பிரேயருக்கும் இன்வென்டரிக்கும் எஃப் கீ வைத்து, முதல் சில ஆட்டங்களில் ஜெயிப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் எதிரியின் கையை மட்டும் பாருங்கள்.