கணக்கு சரியாகிவிட்டது, பேச்சு அடங்கவில்லை

மேடம், வணக்கம்.

எனக்கு 31 வயது. பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஏழு வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். கடைசி மூன்று வருடமும் அறுவைசிகிச்சை ஐசியூவில்தான் டூட்டி. கணவருக்கு வெளியூரில் வேலை. மாமியாரும் ஐந்து வயது மகளும் என்னோடு இருக்கிறார்கள்.

எங்கள் வார்டில் மார்ஃபின், ஃபென்டனில் போன்ற, போதைக்கும் பயன்படக்கூடிய கடும் வலிநிவாரணி ஊசி மருந்துகள் இரட்டைப் பூட்டு அலமாரியில் இருக்கும். ஒவ்வொரு ஷிஃப்ட் மாறும்போதும் இரண்டு பேர் சேர்ந்து எண்ணி ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடவேண்டும். காலி ஆம்பியூலை, அதாவது மருந்து இருந்த சின்னக் கண்ணாடிக் குப்பியை, திருப்பிக் கொடுத்தால்தான் பார்மசியில் புதியது தருவார்கள். இரண்டு மாதத்துக்கு முன்னால் என் நைட் டூட்டி முடிந்து காலையில் எண்ணும்போது ஃபென்டனில் ஒன்று குறைந்தது. சாவி இரவு முழுக்க என்னிடம்தான் இருந்தது. கை காலெல்லாம் நடுங்கிவிட்டது.

மூன்றாம் நாள் விஷயம் தெரிந்தது. அன்று அதிகாலை ஒரு நோயாளிக்கு ரத்தக்கசிவு ஏற்பட்டு அவசரமாகத் தியேட்டருக்குக் கொண்டுபோனோம். கூடவே போன மயக்கவியல் மேற்படிப்பு (பி.ஜி.) டாக்டரிடம் இரண்டு ஆம்பியூல் போயிருக்கிறது. நான் ஒன்று என்றுதான் எழுதியிருக்கிறேன். அது என் தவறு, மறுக்கவில்லை. தியேட்டர் ரிஜிஸ்டரில் இரண்டு என்று இருந்தது, இரண்டு காலி ஆம்பியூலும் அங்கேயே கிடைத்தன. இன்சார்ஜ் சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்டித்தார், ரிஜிஸ்டரைத் திருத்தி நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டோம். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஆனால் முடியவில்லை, மேடம். நான் மருந்து எடுத்து ஊசி போட்டுக்கொள்கிறேன் என்று பேச்சு. ஐசியூவில் ஏசி குளிர் தாங்காமல் நைட் டூட்டியில் எப்போதும் ஸ்வெட்டர் போடுவேன். கையில் உள்ள ஊசித் தழும்பை மறைக்கத்தான் அது என்கிறார்களாம். அந்த டாக்டர்தான் கணக்கைச் சரிக்கட்டி என்னைக் காப்பாற்றினார், இருவருக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது என்றும் பேச்சு. இதையெல்லாம் என்னிடம் வந்து சொன்னது, ஐந்து வருடமாக என்னோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட அக்கா. "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், யார் சொன்னாங்கன்னு மட்டும் கேக்காதே" என்றார்.

போன வாரம் டூட்டி ரூமில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போனதும் பேச்சு நின்றது. எனக்கு என்ன தோன்றியதோ, இரண்டு கையிலும் ஸ்வெட்டரை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு அங்கேயே நின்றேன். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒருத்தி மட்டும் கிளாஸைக் கழுவ எழுந்து போனாள். பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஜூனியர் திடீரென்று நீண்ட லீவு போட்டபோது, அவளைப் பற்றி வந்த பேச்சை நானும் இரண்டு பேரிடம் சொன்னேன். அது பொய் என்று பிறகு தெரிந்தது. அந்தப் பாவம்தான் இப்போது திரும்பி வருகிறதோ என்று இரவெல்லாம் தோன்றுகிறது. தூக்கமே இல்லை. வேலையை விட்டுவிடலாமா என்றிருக்கிறேன். வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புச் சகோதரிக்கு,

டூட்டி ரூமில் கையைச் சுருட்டிக் காட்டிக்கொண்டு நின்ற இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மீதியைப் படிக்க முடிந்தது. உங்களை அந்த நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கக் கூடாது.

முதலில், இந்தப் பேச்சு ஏன் அடங்கவில்லை என்று பார்ப்போம். அமெரிக்க உளவியலாளர்கள் கார்டன் ஆல்போர்ட், லியோ போஸ்ட்மன் இருவரும் இரண்டாம் உலகப்போர் காலத்து வதந்திகளை ஆராய்ந்து 1947இல் ஒரு நூல் எழுதினார்கள். வதந்திக்கு இரண்டு வேண்டும் என்றார்கள். விஷயம் கேட்பவருக்கு முக்கியமானதாக இருக்கவேண்டும், அதைப் பற்றிய தகவல் தெளிவில்லாமல் இருக்கவேண்டும். இது கூட்டல் கணக்கு இல்லை, பெருக்கல் கணக்கு. ஒன்று பூஜ்யமாகிவிட்டால் வதந்தியும் பூஜ்யம்.

உங்கள் வார்டுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஃபென்டனில் குறைந்தது எல்லோருக்கும் முக்கியமான விஷயம். நாளைக்கு அதே சாவி அவர்கள் கையிலும் இருக்கப்போகிறது, அந்தப் பயம் அவர்களுக்கும் உண்டு. அதை யாராலும் குறைக்க முடியாது. ஆனால் தெளிவு? ஒன்று குறைந்தது என்பது வார்டு முழுக்கத் தெரியும். கிடைத்தது என்பது உங்களுக்கும் இன்சார்ஜ் சிஸ்டருக்கும் தியேட்டரில் ஓரிருவருக்கும்தான் தெரியும். காணாமல் போனது பத்துப் பேர் முன்னால், கணக்கு சரியானது மூடிய அறைக்குள். இன்சார்ஜ் சிஸ்டர் உங்கள் மானத்தைக் காப்பாற்றத்தான் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருப்பார். அந்த நல்ல எண்ணமே உங்களுக்கு எதிராகத் திரும்பிவிட்டது.

அந்த ஸ்வெட்டருக்கு வருகிறேன். அதே ஆராய்ச்சியில் ஒரு படத்தை ஒருவருக்குக் காட்டி, அவர் அடுத்தவருக்குச் சொல்ல, அவர் இன்னொருவருக்குச் சொல்ல என்று சங்கிலியாகச் சொல்ல வைத்தார்கள். ஐந்தாறு வாய் மாறுவதற்குள் விவரங்களில் ஏறக்குறைய 70 சதவீதம் உதிர்ந்துபோனது. மிஞ்சியவை கேட்பவர் மனதில் ஏற்கெனவே இருந்ததற்கு ஏற்ப வளைந்தன. ரயிலில் ஒரு வெள்ளைக்காரர் சவரக்கத்தியைப் பிடித்தபடி ஒரு கறுப்பினத்தவரோடு பேசிக்கொண்டிருக்கும் படம் அது. சொல்லிச் சொல்லி, பல தடவை அந்தக் கத்தி கறுப்பினத்தவர் கைக்கு மாறிவிட்டது. உங்கள் ஸ்வெட்டருக்கும் அதுதான் நடந்தது. தியேட்டர் கேஸ், அதிகாலை அவசரம், இரண்டு ஆம்பியூல் எல்லாம் உதிர்ந்துபோய் ஒரு நர்ஸும் ஒரு ஸ்வெட்டரும்தான் மிஞ்சின. மூன்று வருடமாக எல்லோரும் பார்த்த ஸ்வெட்டர்தான், அதற்கு இப்போது வேறு அர்த்தம் வந்துவிட்டது. அதனால்தான் கையைக் காட்டியும் பலனில்லை. சந்தேகப்படுகிறவர் கையைப் பார்த்தால் காலில் போட்டுக்கொள்கிறாள் என்பார். தயவுசெய்து இனி யாரிடமும் உங்கள் உடம்பைச் சாட்சியாகக் காட்டாதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? நீங்கள் ஒவ்வொருவராகப் பிடித்து விளக்கவேண்டாம். "நான் எடுக்கவில்லை" என்று சொன்னால் மட்டும் போதாது, "அப்படியானால் அது எங்கே போனது?" என்ற கேள்வி அப்படியே நிற்கும். அந்த இடத்தை நடந்ததைச் சொல்லித்தான் நிரப்பவேண்டும். சொல்லவேண்டியவர் கணக்கை மூடியவர். கூட்டமில்லாத நேரத்தில் இன்சார்ஜ் சிஸ்டரைப் பாருங்கள். யார் பேசினார்கள் என்று பெயர்ப் பட்டியல் கொடுக்காதீர்கள், கொடுத்தால் அது அடுத்த சண்டையாகிவிடும். இப்படிக் கேளுங்கள்: "சிஸ்டர், அன்றைக்குக் கணக்கு சரியானது ஸ்டாஃப் யாருக்கும் தெரியவில்லை. ஹேண்ட் ஓவர் நேரத்தில், மூன்று ஷிஃப்ட்டுக்கும், தியேட்டருக்குப் போன இரண்டில் ஒன்று நம் ரிஜிஸ்டரில் ஏறாமல் விட்டுப்போனது, காலி ஆம்பியூல் கிடைத்தது, திருத்தியாகிவிட்டது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். இனி தியேட்டருக்கு மருந்து போகும்போது எப்படி எழுதவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்." கடைசி வரி முக்கியம். அப்போதுதான் உங்களுக்கு வக்காலத்து வாங்குவதாக யாருக்கும் தோன்றாது, எல்லோருக்குமான வேலை ஒழுங்காக இருக்கும். உங்கள் தவறும் அந்தப் பேச்சில் வரும். வரட்டும். எழுத மறந்தது தவறு, திருடியது இல்லை. இரண்டையும் பிரித்துக் காட்ட அதுதான் வழி.

அவர் தயங்கினால் இதையே ஒரு பக்கக் கடிதமாக நர்சிங் சூப்பிரண்டென்டுக்குக் கொடுத்து, பிரதியில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். திருத்திய பக்கம் இருக்கும் வரை நீங்கள் பயப்படக் காரணமில்லை.

டாக்டரோடு சேர்த்துப் பேசுவது வேறு விஷயம், அதைப் பொறுத்துப் போகவேண்டியதில்லை. பாலியல் சாடையாகப் பேசிப் பணியிடத்தில் ஒரு பெண்ணை இருக்க முடியாமல் செய்வதும் 2013ஆம் ஆண்டு பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்கீழ் வரலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு கட்டாயம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கவேண்டும். பேச்சு நிற்காவிட்டால் அந்த வழி இருக்கிறது, அதற்காகத் தேதியோடு இப்போதே குறித்து வையுங்கள்.

அந்த அக்கா கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் செய்தியை உங்களிடம் கொண்டுவந்த மாதிரி, உங்கள் அழுகையையும் அங்கே கொண்டுபோயிருப்பார். அடுத்த தடவை அவர் ஆரம்பித்தால், "அக்கா, இனிமே எனக்கு வந்து சொல்லாதீங்க. அங்க யாராவது பேசினா, கணக்கு சரியாயிடுச்சுன்னு நீங்களே சொல்லுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். சொல்வாரா என்பது சீக்கிரம் தெரிந்துவிடும்.

அந்த ஜூனியர் விஷயம் உங்களை இவ்வளவு உறுத்துவது எனக்கு உங்கள் மேல் மரியாதையைத்தான் கூட்டுகிறது. அவளைப் பார்த்து மன்னிப்புக் கேட்கலாம், பேச்சு அவள் காதுக்குப் போயிருந்தது என்றால் மட்டும். போகவில்லை என்றால் அவளிடம் கிளறவேண்டாம், நீங்கள் சொன்ன அந்த இரண்டு பேரிடம் போய் "அன்னைக்கு நான் சொன்னது பொய்" என்று சொல்லுங்கள். ஆனால் அதற்கான தண்டனையாக இதை எண்ணி வாயை மூடிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். இந்த இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

வேலையை விடுவதா என்பதை இப்போது முடிவு செய்யவேண்டாம். தூக்கமில்லாத கண்ணோடு எடுக்கிற முடிவு அது. தவிர, பேச்சு நடக்கும்போதே போனால் நீங்கள் போனதும் கதையில் சேர்ந்துவிடும். கணக்கு எல்லோருக்கும் தெரிந்த பிறகும் அங்கே மூச்சு முட்டினால், அப்போது வார்டு மாற்றம் கேளுங்கள், அல்லது வேறு இடம் தேடுங்கள்.

கணவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். மூன்றாம் மனிதர் மூலம் கேட்பதற்குள் உங்கள் வாயால் கேட்கட்டும். தூக்கம் இன்னும் ஒரு வாரம் வராவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்கள் மருத்துவமனையிலேயே பார்க்கத் தயக்கம் இருக்கும், புரிகிறது. அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416ஐ எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு நொடி எட்டிப்பார்த்தாலும் அந்த ஒரு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

அடுத்த நைட் டூட்டிக்கு அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டே போங்கள். இன்சார்ஜ் சிஸ்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.